இருண்டதெல்லாம் பேயஸ்

போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம். மழை விட்டும் விடாமலும் இருந்தது. பாளையங்கோட்டையில் வேலையை முடித்துவிட்டு பைக்கில் சேரன்மகாதேவிக்குப் போய்க்கொண்டிருந்தேன். மேலச்செவல் தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல், தெருவிளக்கு கிடையாது, என் வண்டியின் முன்விளக்கோ மெழுகுவர்த்திக்குத் தம்பி. ரோட்டோரம் ஒரு ஆள் நிற்கிறார். வெள்ளை வேட்டி, தோளில் சிவப்பாக ஏதோ துண்டு, அசையாமல் என்னையே பார்த்தபடி. கை தானாக பிரேக்கைப் பிடித்துவிட்டது. கிட்டத்தில் போனதும்தான் தெரிந்தது, சுடலைமாடன் பீடம். சுண்ணாம்பு அடித்த பீடத்தில் யாரோ சிவப்புத் துணியைச் சுற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். தினமும் காலையில் நான் பார்த்துக்கொண்டே போகிற அதே பீடம்.

வீட்டுக்கு வந்து ஆச்சியிடம் சொன்னேன். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சும்மாவால சொன்னாவ" என்றபடி சுக்குக்காப்பியை நீட்டினாள்.

இந்தப் பழமொழியை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். பயந்தாங்கொள்ளியைக் கேலி செய்வது என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அதில் இரண்டு நிபந்தனைகள் இருப்பது அன்றைக்குத்தான் உறைத்தது. ஆள் அரண்டிருக்க வேண்டும், இடம் இருண்டிருக்கவும் வேண்டும். எவ்வளவு அரண்டவனுக்கும் உச்சிவெயிலில் பீடம் பீடமாகத்தான் தெரியும். அரளாதவனுக்கு இருட்டில் ஒன்றுமே தெரியாதா என்றால் அதுவும் இல்லை, அவனுக்கும் ஏதோ ஒன்று தெரியத்தான் செய்யும், பேய்க்குப் பதில் பனைமரமோ எருமையோ. கண் கொடுக்கிற தகவல் தேயத் தேய, ஏற்கெனவே உள்ளே இருக்கிற நம்பிக்கை அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நான் பேயைப் பார்க்கவில்லை, ஆளைத்தான் பார்த்தேன். அதற்கும் காரணம் உண்டு, நம் ரோட்டோரத்தில் அந்த உயரத்தில் வெள்ளையாக நிற்பது முக்கால்வாசி நேரம் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற வேட்டிக்காரர்தான்.

தாமஸ் பேயஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் இந்தச் சங்கதிக்குக் கணக்கு போட்டு வைத்தார். அவர் செத்தது 1761-ல், கட்டுரை அச்சானது 1763-ல். (பேய்க்கும் பேயஸுக்கும் உள்ள ஒலிப்பொருத்தம் நமக்கு மட்டும் கிடைத்த கொசுறு.) முன்பே இருக்கிற நம்பிக்கையையும் இப்போது வந்த சாட்சியையும் பெருக்கு, எது உறுதியானதோ அதன் பக்கம் விடை சாயும். சாட்சி கூர்மையாக இருந்தால் நம்பிக்கை வாயைத் திறக்க முடியாது, சாட்சி மழுங்கினால் நம்பிக்கை வைத்ததுதான் சட்டம். பார்வையே இப்படி நம்மை அறியாமல் நடக்கிற ஓர் அனுமானம்தான் என்று ஜெர்மானிய விஞ்ஞானி ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1860-களிலேயே எழுதிவிட்டார்.

இதில் எனக்குப் பிடித்த உதாரணம் வேகம். மங்கலாகத் தெரிகிற பொருள், பளிச்சென்று தெரிகிற பொருளைவிட மெதுவாக நகர்வதாகத் தோன்றும். பீட்டர் தாம்ப்சன் என்பவர் 1982-ல் இதை அளந்து காட்டினார். ஏன் என்பதற்கு 2002-ல் வெய்ஸ், சிமான்செல்லி, ஏடெல்சன் மூவரும் ஒரு விளக்கம் கொடுத்தார்கள்: உலகத்தில் பெரும்பாலானவை நின்றுகொண்டோ மெதுவாகவோதான் இருக்கின்றன என்று மூளை முன்கூட்டியே நம்புகிறது, படம் மங்கினால் அந்த நம்பிக்கையின் பக்கம் சரிந்துவிடுகிறது. மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலைக்கு ஏறும்போது மூடுபனி இறங்கினால் வண்டி ஊர்வது போலத் தோன்றி ஓட்டுபவர் ஆக்சிலேட்டரை மிதித்துவிடுவார் என்றுதானே இதை வைத்துச் சொல்ல வேண்டும்? 1998-ல் வந்த ஓர் ஆய்வு ஏறக்குறைய அப்படித்தான் சொன்னது. ஆனால் 2012-ல் வேறு சிலர் திருத்தினார்கள். நிஜப் பனியில் தூரம்தான் அதிகம் மறையும், பக்கத்தில் இருப்பது தெளிவாகத்தான் இருக்கும். படம் முழுக்க ஒரே அளவாக மங்காமல் அப்படி மங்கும்போது வேகம் கூடுதலாகத் தோன்றுகிறது, ஆட்களும் மெதுவாகத்தான் ஓட்டுகிறார்கள். மங்கல் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம், மூளையோ எங்கே மங்கியிருக்கிறது என்று பார்க்கிறது.

சரி, இதெல்லாம் ஆள் எப்படி நடந்துகொள்கிறார் என்பது. என்னைக் குடைந்துகொண்டிருப்பது வேறு கேள்வி. சாட்சி எவ்வளவு மழுங்கலானது என்பதே மூளைக்கு எப்படித் தெரிகிறது? "அது ஆள்" என்ற பதிலும் "ஆனால் ரொம்ப நம்பாதே" என்ற குறிப்பும் எங்கேயாவது எழுதப்பட்டிருக்க வேண்டுமே.

தலையின் பின்பக்கம், பிடரிக்கு மேலே, பார்வைப் புறணி இருக்கிறது, கண் அனுப்புவதைக் கவனிக்கிற மூளையின் மேலடுக்கு. அங்கே உள்ள நியூரான் (நரம்புச் செல்) ஒவ்வொன்றுக்கும் பிடித்த கோட்டுச் சாய்வு ஒன்று உண்டு என்று ஹூபெல், வீசெல் இருவரும் பூனைகளை வைத்து 1959-ல் காட்டினார்கள், 1981-ல் நோபல் பரிசில் பங்கும் வாங்கினார்கள். பத்தமடைப் பாயை நினைத்துக்கொள்ளுங்கள். கோடுகள் நேராக இருந்தால் ஒரு கூட்டம் நியூரான் படபடக்கும், பாயைக் கொஞ்சம் திருப்பினால் அடுத்த கூட்டம். இதுவரை பாடப்புத்தகம். பாடப்புத்தகம் அவ்வளவாகப் பேசாதது என்னவென்றால், அதே பாயை அதே கோணத்தில் திரும்பத் திரும்பக் காட்டினாலும் ஒரு நியூரான் ஒருமுறை பத்துத் தடவை துடிக்கும், அடுத்தமுறை ஆறு, அப்புறம் பதிமூன்று. சராசரி எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு சிதறல், சமயத்தில் அதற்கும் மேலே. பல காலம் இதை வெறும் இரைச்சல் என்று சராசரி எடுத்து ஒதுக்கிவிட்டார்கள்.

அந்த இரைச்சலைக் கையில் எடுத்தவர்கள் இரண்டு கட்சி. முதல் கட்சி வெய் ஜி மா, அலெக்சாண்டர் பூஜே குழு, 2006-ல் வந்த கட்டுரை. அவர்கள் கணக்கை நான் ஊர்க்கூட்டம் என்று புரிந்துகொண்டிருக்கிறேன். நேர்க்கோட்டுக்காரர்கள் பக்கம் நிறையக் கைகள் தூக்கியிருந்தால் முடிவும் உறுதி, மொத்தமாகவே நாலைந்து கைதான் என்றால் முடிவு என்று ஒன்று இருந்தாலும் நம்புவதற்கில்லை. சிதறல் எப்படிப்பட்டது என்று தெரிந்திருந்தால், ஒரே ஒரு கணத்தில் எழுந்த கைகளை வைத்தே எந்தச் சாய்வுக்கு எவ்வளவு வாய்ப்பு என்று முழு வளைவையும் வரைந்துவிடலாம். படம் பளிச்சென்றால் கைகள் கூடும், வளைவு ஒல்லியாகும், அதாவது நிச்சயம் கூடும். இதில் அழகு என்னவென்றால், கண்ணின் சாட்சியையும் காதின் சாட்சியையும் சேர்க்க வேண்டுமானால் இரண்டு கூட்டத்துக் கைகளையும் வெறுமனே கூட்டினால் போதும், பேயஸின் பெருக்கல் தானாக நடந்துவிடும்.

இரண்டாவது கட்சி யோஜெஃப் ஃபிஷர், மாட்டே லெங்யெல் போன்றவர்கள். இவர்கள் சொல்வது: ஒவ்வொரு கணத்தின் துடிப்பும் ஓர் ஊகம். ஆள், பீடம், ஆள், ஆள், பீடம் என்று மூளை மாற்றி மாற்றிச் சீட்டு எடுத்துக்கொண்டே இருக்கிறது. ஒரே ஆளிடம் நாலு தடவை வழி கேட்டு, நாலு தடவையும் ஒரே திசையைக் காட்டினால் அவருக்கு வழி தெரியும், திசை மாறிக்கொண்டே இருந்தால் தெரியாது. அந்த ஆட்டம்தான் நிச்சயமின்மை. கண் முன் ஏதாவது வந்தவுடன் நியூரான்களின் சிதறல் சுருங்குகிறது என்று 2010-ல் புறணியின் பல பகுதிகளில் பார்த்ததும் இவர்களுக்குத் தோதாகத்தான் இருக்கிறது.

இவர்களின் 2011-ஆம் வருஷத்துச் சோதனை ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை. ஃபெரெட் என்று கீரி மாதிரி ஒரு பிராணி. இருட்டில் எதையும் பார்க்காமல் இருக்கும்போதும் அதன் பார்வைப் புறணி சும்மா இருப்பதில்லை, எதையோ துடித்துக்கொண்டே இருக்கும். குட்டியாக இருக்கும்போது அந்தத் துடிப்புக்கும், இயற்கைக் காட்சிகளைப் பார்க்கும்போது வரும் துடிப்புக்கும் சம்பந்தமில்லை. வளர வளர, இருட்டுத் துடிப்பும் காட்சிகளின் மொத்தச் சராசரியும் ஒன்றுபோல ஆகிவிடுகின்றன. அதாவது எதுவும் தெரியாதபோது மூளை போட்டுக்கொண்டிருக்கும் கோலம்தான் அதன் நம்பிக்கை. இருண்டதெல்லாம் எதுவாகத் தெரியும் என்பதை அந்தப் பிராணியின் தலைக்குள் நேரடியாக எட்டிப் பார்த்த மாதிரி.

எந்தக் கட்சி என்று கேட்டால், நான் ஊசலாடுகிறேன். சீட்டு எடுக்க நேரம் வேண்டும், என் கை பிரேக்கைப் பிடிக்க அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளவில்லை, ஆகவே ஊர்க்கூட்டக் கட்சி என்று தோன்றும். கிட்டே நெருங்கிய அந்தக் கடைசி நொடியில் ஆள், பீடம், ஆள் என்று உருவம் மாறி மாறி வந்ததை நினைத்தால் சீட்டுக் கட்சி. ஆனால் எனக்கு அப்படி இருந்தது என்பது நியூரானுக்குச் சாட்சி ஆகாது, அதனால் இதை யாரும் மேற்கோள் காட்டிவிட வேண்டாம்.

எனக்கு ஒரு சந்தேகம் ரொம்ப நாள் இருந்தது. விஞ்ஞானி வெளியிலிருந்து நிச்சயமின்மையைக் கணக்கிட முடிகிறது என்பதாலேயே மூளையும் அதைப் படிக்கிறது என்று ஆகிவிடாதே. என் முகத்தைப் பார்த்தே காய்ச்சல் என்று ஆச்சி கண்டுபிடிப்பாள், அதற்காக என் முகம் காய்ச்சலை அளப்பதாகச் சொல்ல முடியுமா? 2015-ல் நெதர்லாந்தின் நைமேகன் ஆய்வாளர்கள் எஃப்எம்ஆர்ஐ என்கிற மூளை ஸ்கேன் கருவிக்குள் மனிதர்களைப் படுக்கவைத்து, கோட்டின் சாய்வைச் சொல்லச் சொல்லி, அவர்களின் பார்வைப் புறணியிலிருந்து ஒவ்வொரு தடவைக்குமான நிச்சயமின்மையைப் பிரித்தெடுத்தார்கள். அந்த ஆட்கள் தங்கள் முடிவில் அதைப் பயன்படுத்துவதாகவே தெரிந்தது. 2020-ல் எட்கர் வாக்கர், ஆண்ட்ரியாஸ் டோலியாஸ் குழு குரங்குகளில் நியூரான்களையே நேரடியாகப் பதிவு செய்தது. ஒரே படம், ஒரே வெளிச்சம். ஆனாலும் ஒரு தடவை அந்த வாய்ப்பு வளைவு ஒல்லியாக, ஒரு தடவை அகலமாக. அந்த ஒல்லிக்கும் அகலத்துக்கும் ஏற்ப குரங்கின் முடிவும் மாறியது. வெளியே எதுவும் மாறாதபோது முடிவு மட்டும் மாறினால், உள்ளே யாரோ அந்தக் குறிப்பைப் படிக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். என் சந்தேகம் முக்கால்வாசி தீர்ந்தது அங்கேதான்.

அடுத்த வாரமே முன்விளக்கின் பல்பை மாற்றிவிட்டேன். இப்போதெல்லாம் தூரத்திலிருந்தே பீடம் பீடமாகத் தெரிகிறது. ஆச்சியிடம் பெருமையாகச் சொன்னேன், ஆளே இல்லை, வெறும் பீடம்தான் என்று. "வெறும் பீடமா? அங்க நிக்கது யாருன்னு நெனச்ச? ஒழுங்கா மெதுவாப் போ" என்றாள்.