ஈனோலேஸை எடுத்துவிடு

ஈனோலேஸ் என்ற புரோட்டீனைப் பட்டியலிலிருந்து எடுக்கும்படி என் ஆய்வு மாணவியிடம் சொன்னது சரிதான். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அதற்கு அவள் திருப்பிக் கேட்டதுதான் இன்னும் உறுத்துகிறது.

நெல்லைத் தாக்கும் குலைநோய்ப் பூஞ்சை. கும்பகோணம் பக்கத்தில் பிபிடி ரக நெல் வயலில், மார்கழிப் பனிக்குப் பிறகு கழுத்து கறுத்து ஒடிந்த கதிரிலிருந்து பிரித்தது. அதன் ஸ்போரை, அதாவது வித்தை, உயிரோடு வைத்தே பயோட்டின் என்ற அடையாள ஒட்டை ஏற்றினோம். செல் சவ்வைத் தாண்டி உள்ளே போகாத ரகம். வெளிப்புறப் புரோட்டீனில் மட்டும் ஒட்ட வேண்டும். ஒட்டியவற்றை, பயோட்டினைக் கவ்வும் ஸ்ட்ரெப்டாவிடின் பீட்ஸில் பிடித்து, எந்தெந்தப் புரோட்டீன் என்று காட்டும் மாஸ் ஸ்பெக்குக்கு அனுப்பினோம். வந்த பட்டியலில் முதலிடம் ஈனோலேஸுக்கு. செல்லுக்குள் இருந்து சர்க்கரையை உடைக்க வேண்டிய நொதி! ஸ்போரின் மேற்பரப்பையே மூடியிருக்கிற எம்பிஜி1 புரோட்டீன் எங்கேயும் இல்லை.

எம்பிஜி1 விஷயம் புரிகிறது. அது ஹைட்ரோஃபோபின், தண்ணீரை ஒட்டவிடாத புரோட்டீன்; அந்த வகை எஸ்டிஎஸ் என்ற சோப்புக் கரைசலில் கொதிக்க வைத்தாலும் கரையாது. ஈனோலேஸ் விஷயம் வேறு. செல்லை விட்டு வெளியே போக முகவரிச் சீட்டு மாதிரி இருக்கும் சிக்னல் பெப்டைடு அதற்குக் கிடையாது. செல்லுக்குள் ஏராளமாக இருப்பது. கொஞ்சம் ஸ்போர் உடைந்தாலே போதும், கசிந்து பட்டியலில் வந்துவிடும்.

"சிக்னல் பெப்டைடு இல்லாததையெல்லாம் எடுத்துடும்மா."

"அப்புறம் இவ்வளவு வேலை எதுக்குக்கா? ஜீனோம் 2005லயே வந்துடுச்சு. கம்ப்யூட்டர்லயே தேடிருக்கலாமே?"

ரெவ்யூவர் விடமாட்டார் என்றேன். உண்மைதான். ஆனால் அவள் கேட்டது அது இல்லை.

மனிதரைத் தாக்கும் கேண்டிடா பூஞ்சையில் ஈனோலேஸைச் செல் சுவரிலேயே காட்டியிருக்கிறார்கள். மனித ரத்தத்தில் இருக்கிற பிளாஸ்மினோஜன் என்ற புரோட்டீனை அது பிடிக்கிறது. நெல்லில் பிளாஸ்மினோஜன் ஏது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது வாதமே இல்லை. என்ன வேலை என்று தெரியாததால் ஒரு புரோட்டீன் அங்கே இல்லாமல் போய்விடுமா? அதே பட்டியலில், செல்லுக்குள்ளேயே இருக்க வேண்டிய ரைபோசோம் புரோட்டீன்களும் இருந்தன; அதைப் பார்த்தால் கசிவு என்றே தோன்றுகிறது. அவை கீழே இருந்தன, ஈனோலேஸ் உச்சியில். அதைப் பார்த்தால் மறுபடி சந்தேகம். 1919-ல் தஞ்சாவூர் டெல்டாவையே உலுக்கிய நோய் இது. நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் அதன் மேல்தோலில் என்ன இருக்கிறது என்று கேட்டால், நாம் எதிர்பார்த்தவற்றை மட்டும் எழுதிக் கொடுக்கிறோம்.

இப்படிச் சொல்வதும் முழு நியாயம் இல்லை. வந்ததையெல்லாம் மேற்பரப்பு என்று எழுதினால் அந்தப் பட்டியலை நம்பி அடுத்தவன் இரண்டு வருஷம் வீணாக்குவான். அதையும் பார்த்திருக்கிறேன்.

ஆய்வேட்டின் வரைவில் முதன்மை அட்டவணையிலிருந்து எடுத்திருந்தாள். பின்னிணைப்பில் எல்லாம் இருந்தது, ஈனோலேஸ் உட்பட, வந்த வரிசையிலேயே. நீக்கு என்றும் நான் எழுதவில்லை, இருக்கட்டும் என்றும் எழுதவில்லை. பக்க எண் தவறியிருந்ததை மட்டும் திருத்திக் கொடுத்தேன்.