விலைப்புள்ளி கேட்பதற்கு முன் டிராயிங்

கோவை கணபதியில் உள்ள மூன்று லேத் பட்டறைகளிடம் 200 கன்மெட்டல் புஷ்களுக்கு, அதாவது சுழலும் தண்டைத் (ஷாஃப்ட்) தாங்கும் உலோகக் குழல்களுக்கு, கொட்டேஷன் கேட்டிருந்தேன். மிகக் குறைந்த விலையைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது மிக உயர்ந்த விலை. விசாரித்தபோது குறை என் டிராயிங்கில்தான் இருந்தது என்று தெரிந்தது. உள்விட்டம் 20 மில்லிமீட்டர் என்று எழுதியிருந்தேனே தவிர, டாலரன்ஸை, அதாவது அந்த அளவில் எவ்வளவு வேறுபாடு இருக்கலாம் என்பதை, குறிப்பிடவில்லை. ஒருவர் டிரில் போட்டால் போதும் என்று கணக்கிட்டிருந்தார். மற்றொருவர், புஷ்ஷுக்குள் ஷாஃப்ட் சுழல வேண்டும் என்பதை உணர்ந்து, ஹெச்7 அளவுக்கு, அதாவது 20.000 முதல் 20.021 மில்லிமீட்டருக்குள், ரீமர் (துளையைத் துல்லியமான அளவுக்குக் கொண்டுவரும் கருவி) போட்டு ஒவ்வொன்றையும் பிளக் கேஜால் (துளைக்குள் நுழைத்து அளவு பார்க்கும் கருவி) சோதித்துத் தருவதற்கான விலையைச் சொல்லியிருந்தார். மூன்றாமவர் மெட்டீரியல் நான் தருவதாக எண்ணிக் கூலியை மட்டும் எழுதியிருந்தார். இந்த மூன்றையும் அருகருகே வைத்து ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

டிராயிங்கைத் திருத்தி, மெட்டீரியல் யாருடையது, ஜிஎஸ்டி சேர்ந்ததா என்பவற்றையும் எழுதி மீண்டும் அனுப்பினேன். வேலைக்காக மெஷினைத் தயார் செய்யும் செட்டிங் செலவு எண்ணிக்கையில் பகிரப்படும் என்பதால் 50, 200, 500 என மூன்று எண்ணிக்கைகளுக்கும் தனித்தனியாக விலை கேட்டேன். கன்மெட்டலில் பெரும்பகுதி செம்பு. ஆகவே கடைசலில் விழும் சுருளுக்கும் நல்ல விலை உண்டு. அது யாருக்குச் சேரும் என்பதை முன்பே பேசிக்கொள்வது இரு தரப்புக்கும் நியாயம்.

இம்முறை விலைகள் நெருங்கி வந்துள்ளன. முதலில் ஐந்து மாதிரிகளை மட்டும், கேஜ் வைத்துச் சோதிப்பதாகச் சொன்னவரிடமே கொடுத்திருக்கிறேன்.