கேஎஃப்பா, கேயா? என் முதல் கணினிக்குப் பாகம் சேர்த்த கதை

தைப்பூசத்தன்று சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை காவடிகளோடு நடந்து எடுத்த காட்சிகள் இரண்டு மாதமாகத் தொகுக்கப்படாமல் கிடந்தன. என் கேமரா, காட்சியைச் சுருக்கிச் சேமிக்கும் எச்.265 வடிவில், நிற விவரத்தைக் கூடுதலாக வைத்திருக்கும் 10 பிட், 4:2:2 முறையில் பதிவு செய்கிறது. நிறம் திருத்த அருமையானது. பழைய மடிக்கணினிக்கோ எமன். பிரீமியர் புரோ என்ற தொகுப்பு மென்பொருளில் ஓடவிட்டால் காவடி மூன்றடி வைக்கும், நிற்கும், பிறகு திடீரென்று பத்தடி தள்ளித் தெரியும்.

பெரியப்பா மகன் தன் கணினியைப் புதுப்பித்தபோது பழைய ஆர்டிஎக்ஸ் 4070 கிராஃபிக்ஸ் கார்டை எனக்குக் கொடுத்தார். "இதை வைத்துக்கொண்டு மற்றதை நீயே சேர்த்துக்கொள் தம்பி" என்றார். என் தம்பிக்கு ஒரே குஷி. அவனுக்கு விளையாட்டு, எனக்குத் தொகுப்பு என்று முடிவானது.

முதலில் எழுதிய பட்டியலில் ரைசன் 5 7600 செயலி, எல்லாப் பாகமும் செருகும் பி650 மதர்போர்டு, டிடிஆர்5 வகை ரேம். செயலி உட்காரும் சாக்கெட் பொருந்துகிறது, ரேம் பொருந்துகிறது, விலையும் கட்டுப்படி. இரண்டு நாள் அந்த நினைப்பில்தான் இருந்தேன். பிறகுதான் பொருத்தம் என்பது சாக்கெட்டோடு முடிவதில்லை என்று தெரிந்தது. எச்.265 4:2:2 கோப்பை வன்பொருளிலேயே விரிக்கும் வசதி என் 4070 சேர்ந்த 40 வரிசை கார்டில் இல்லை. அந்த ரைசனிலும் இல்லை. 2025இல் வந்த 50 வரிசையில் இருக்கிறது. ஆனால் தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்தா பார்ப்பது? இன்டெல் செயலிக்குள் இருக்கும் சின்னக் கிராஃபிக்ஸில் அந்த வசதி இருப்பதால் பட்டியலைக் கிழித்துவிட்டு கோர் ஐ5 14600கே என்று எழுதினேன்.

சனிக்கிழமை கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் சதுக்கத்தில் ஏறி இறங்கினேன். ஒரு கடையில் தந்த விலைப்பட்டியலில் 14600கேஎஃப் என்று இருந்தது. விலை குறைவு, வேகமும் அதேதான். ஆனால் அந்த 'எஃப்' இருந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. விளையாட மட்டும் என்றால் அதையே வாங்கலாம். எனக்கோ நான் தேடி வந்ததே அந்த உள்கிராஃபிக்ஸைத்தான். மாற்றச் சொன்னேன், முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார்கள்.

அடுத்த கூத்துக்கு நானே பொறுப்பு. நண்பரிடம் 32 ஜிபி டிடிஆர்4 ரேம் ஜோடியை 70 வெள்ளிக்கு வாங்கி வைத்திருந்தேன். இந்த இன்டெல் செயலிக்கான பி760 மதர்போர்டுகள் டிடிஆர்4, டிடிஆர்5 என இரு வகையாகவும் விற்கப்படுகின்றன என்பதைக் கவனிக்காமல் டிடிஆர்5 போர்டை எடுத்து வந்துவிட்டேன். வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ரேமை வைத்து அழுத்தினேன். ஒரு பக்கம் இறங்கியது, மறுபக்கம் எழும்பியது. திருப்பி வைத்தும் அதே கதை. விளக்கடியில் பிடித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது: இரண்டிலும் 288 ஊசிகள்தான், ஆனால் நடுவில் உள்ள வெட்டு ஒரு மயிரிழை தள்ளியிருக்கிறது. இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தால் போர்டுக்கே பால்தான். டிடிஆர்5 ரேம் வாங்க மறுபடி ரோச்சோர் ரயில், மறுபடி 9 விழுக்காடு பொருள் சேவை வரி.

மற்றவை தொல்லை தரவில்லை. செயலியைக் குளிர்விக்கும் 155 மில்லிமீட்டர் உயரக் கூலர், 160 வரை இடம் தரும் பெட்டி, 750 வாட் மின்வழங்கி. ரேம் இரண்டையும் செயலியிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது இடத்தில் போட்டேன். 13, 14ஆம் தலைமுறைச் செயலிகளின் மின்னழுத்தக் கோளாறுக்கு 2024இல் வந்த திருத்தம் வேண்டும் என்பதால், விண்டோஸ் போடும் முன்பே மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்தேன்.

எல்லாம் முடிந்து காட்சியைத் திறந்தால், காவடி மறுபடியும் மூன்றடி வைத்து நின்றது! வயிற்றில் புளியைக் கரைத்தது. எது இயங்குகிறது என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் 4070 கிராஃபிக்ஸ் மட்டும்தான் தெரிந்தது. தனிக் கார்டு செருகியதும் போர்டு உள்கிராஃபிக்ஸைத் தானாகவே அணைத்துவிட்டிருந்தது. பயாஸில் மல்டி மானிட்டர் என்ற வரியைத் தேடிப்பிடித்து இயக்கினேன். இப்போது இரண்டும் தெரிகின்றன. மயிலிறகு ஒவ்வொன்றும் ஆடுவது தெரியக் காவடி தடையின்றி நடக்கிறது.

இரவு பத்து மணிக்குமேல் கணினி தம்பியுடையது. டிடிஆர்4 ஜோடி இன்னும் இழுப்பறையில் தூங்குகிறது. 60 வெள்ளிக்குக் கேட்டாலும் கொடுத்துவிடுவேன்.