கூட்டினால் பதினேழு

ஈரோடு மணிக்கூண்டுப் பக்கம் ஓர் அச்சகத்தில் பக்க வடிவமைப்பாளராகச் சேர்ந்து இரண்டு வருடம் கழித்துத்தான் அதன் பின்கட்டில் கால் வைத்தேன். அதுவும் என் தப்பைப் பார்க்க.

ஒரு குடும்ப வரலாறு. 320 பக்கம், 300 பிரதி. உள்ஓரத்தில் அரை அங்குலம்கூட விடாமல் எழுத்தை நிரப்பியிருந்தேன். திரையில் அழகாகத்தான் இருந்தது. முதல் பிரதியைப் பக்கவாட்டில் துளையிட்டுத் தைத்ததும், இடப்பக்கத்தில் வரியின் கடைசி எழுத்தும் வலப்பக்கத்தில் முதல் எழுத்தும் தையலுக்குள் போய்விட்டன.

பைண்டர் அப்பிச்சி (எங்கள் பக்கம் தாத்தாவை அப்படித்தான் கூப்பிடுவோம்; அச்சகத்தில் எல்லோருக்குமே அவர் அப்பிச்சிதான்) திட்டவில்லை. அச்சான முதல் ஃபாரத்தை, அதாவது பல பக்கங்கள் சேர்ந்து அச்சான பெரிய தாளை நீட்டி, "மூன்று தடவை மடி, அம்மிணி" என்றார். மடித்தேன். பதினாறு பக்கம் வரிசையாக வந்தது. "இப்போது விரித்து, பக்கத்துப் பக்கமாக இருக்கும் எண்களைக் கூட்டு." 1, 16. 8, 9. 4, 13. எதைக் கூட்டினாலும் பதினேழு. இந்த வரிசையை இரண்டு வருடமாகக் கணினி எனக்குப் போட்டுத் தந்துகொண்டிருந்தது. ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

மீதிப் பிரதிகளை ஃபாரம் ஃபாரமாகக் கையால் தைத்துவிடலாம் என்றார். நூல் மடிப்புக்குள் போவதால் ஓரத்தைத் தின்னாது. ஒரு புத்தகத்துக்கு இருபது ஃபாரம். கணக்குப் போட்டுப் பார்த்து எனக்கு மயக்கமே வந்தது. தினமும் வேலை முடிந்ததும் நானும் ஊசியோடு உட்கார்ந்தேன்.

அப்பிச்சி ஒருகாலத்தில் மஞ்சள் மண்டிகளுக்குப் பேரேடு கட்டியவர். பேரேடு எந்தப் பக்கத்தில் விரித்தாலும் மல்லாந்து படுக்க வேண்டும். எழுதுகிறவன் ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்க முடியாது. காகிதத்தின் இழை முதுகோடு சேர்ந்து மேலும் கீழுமாக ஓடாவிட்டால் அது நடக்காது. பழைய செய்தித்தாள் ஒன்றை நீளவாக்கில் கிழித்தார், நேராக வந்தது. குறுக்கே கிழித்தார், கோணிக்கொண்டு போனது. எல்லா ஆலைக்காரர்களுமே இதை ரீம் கட்டின் மேலேயே தெளிவாகக் குறிக்கலாமே என்று எனக்கு இன்றைக்கும் தோன்றும்.

மைதாப் பசையில் பூச்சி அண்டாமல் இருக்க மயில்துத்தம் சேர்ப்பார். அந்த லேசான நீலம் என் நகக்கண்ணில் வாரக்கணக்கில் இருந்தது.

ஆகஸ்டில் நடக்கும் ஈரோடு புத்தகத் திருவிழாவில் இப்போதெல்லாம் நான் தலைப்பைப் பார்க்கும் முன்பே புத்தகத்தின் முதுகு முனையைப் பார்க்கிறேன், மடிப்பு தெரிகிறதா, வெறும் பசையா என்று. "கிழிந்திருக்கிறதா?" என்று ஒரு கடைக்காரர் பதறிப்போய்க் கேட்டார்.

அந்தக் குடும்ப வரலாற்றில் ஒரு பிரதி என்னிடம் இருக்கிறது. 168, 169ஆம் பக்கங்களின் நடுவே நூல் தெரியும். ஒரு தையல் மட்டும் கோணலாக ஓடும். அது நான் போட்டது. பிரிக்க வேண்டாம் என்று அப்பிச்சி விட்டுவிட்டார்.