மேடிசனிலிருந்து லேக்ஸ் வரை: மேகத்துக்குள் ஏழு மைல்

சுமார் ஏழு மைல்தான். சமதரையில் இரண்டரை மணி நேர நடை. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில், பிரெசிடென்ஷியல் மலைத்தொடரில், மேடிசன் ஸ்பிரிங் ஹட்டிலிருந்து (ஹட் என்றால் மலை நடைப் பயணிகள் தங்கிச் சாப்பிடும் விடுதி) லேக்ஸ் ஆஃப் தி கிளவுட்ஸ் ஹட் வரை போக எனக்கும் அக்காவுக்கும் போன ஜூலையில் ஒன்பதரை மணி நேரம் பிடித்தது.

பாதை என்று சொல்கிறோமே தவிர, அது பெரும்பாலும் பாறைகளின் மேல் பாறை. ஒவ்வொரு அடியையும் பார்த்துத்தான் வைக்க வேண்டும், அதில் பாதி ஆடும். வழி முழுக்க மரங்கள் வளராத உயரம் என்பதால் ஒதுங்க ஒரு நிழல்கூடக் கிடையாது. பாறைக் குவியல்கள் மட்டும் வரிசையாக நிற்கும், அதுதான் வழிகாட்டி.

காலைச் சாப்பாட்டின்போது ஹட்டில் வேலை செய்யும் பிள்ளைகளில் ஒருவர் அன்றைய வானிலையை உரக்க வாசித்தார். மவுண்ட் வாஷிங்டன் உச்சியிலேயே ஆண்டு முழுக்க ஆட்கள் தங்கி வேலை செய்யும் ஆய்வகம் தரும் கணிப்பு அது. மதியத்துக்கு மேல் உச்சிகள் மேகத்துக்குள் போகும், மழை வரும், காற்று மணிக்கு 35 முதல் 50 மைல். கேட்டுக்கொண்டிருந்த எல்லோரும் ஒரு நொடி சாப்பிடுவதை நிறுத்தினார்கள். 1934 ஏப்ரல் 12 அன்று அதே உச்சியில் மணிக்கு 231 மைல் காற்றை அளந்திருக்கிறார்கள் என்பதால், அங்கே 50 என்பது பெரிய எண்ணாகத் தோன்றாது. ஆனால் வேகம் இரண்டு மடங்கானால் காற்று தள்ளும் விசை நான்கு மடங்காகும். 25 மைல் காற்றில் தொப்பி பறக்கும், 50 மைல் காற்றில் தூக்கிய கால் நாம் நினைத்த கல்லில் இறங்காது.

ஏழரைக்குக் கிளம்பினோம். வானம் அப்போது அவ்வளவு சுத்தம். தண்டர்ஸ்டார்ம் ஜங்ஷன் என்கிற பாதைச் சந்திப்பில் பைகளை வைத்துவிட்டு ஆடம்ஸ் உச்சிக்கு (5,793 அடி) ஏறினோம். கீழே கிரேட் கல்ஃப் பள்ளத்தாக்கு, அதற்கு அந்தப் பக்கம் வாஷிங்டன். "அங்கே ஏறணும்டா, அதுக்குத்தான் வந்தேன்" என்றாள் அக்கா. ஐம்பத்திரண்டு வயதில் ஆறு மாதம் பை தூக்கிப் பழகிவிட்டு வந்தவள்.

எட்மண்ட்ஸ் கோல் என்கிற தாழ்வான இடத்துக்கு வரும்போது மணி பன்னிரண்டு. மேற்கே மேகம் சுவர் மாதிரி நின்றது. அங்கிருந்து ராண்டால்ஃப் பாதை வழியாக மரங்களுக்குள் இறங்கிவிடலாம், அதைத் தாண்டினால் சுலபமாக இறங்கும் வழி சீக்கிரம் வராது. இருபது நிமிடம் உட்கார்ந்து மேகத்தைப் பார்த்தோம். இடிச் சத்தம் இல்லை, மேகம் இன்னும் உயரத்தில் இருந்தது. ஜெஃபர்சன் உச்சியை விட்டுவிட்டு அதன் இடுப்பைச் சுற்றிப் போகும் வழியிலேயே தொடர்ந்தோம்.

அந்த இருபது நிமிடத்தில் நான் மேகத்தை மட்டும்தான் எடைபோட்டேனா என்று இப்போதும் யோசிக்கிறேன். லேக்ஸில் இரண்டு படுக்கைக்குப் பணம் கட்டியாயிற்று, ஆறு மணிக்குச் சூடான சாப்பாடு, காய்ந்த கம்பளி. கூடாரத்தோடு போகிறவன் எங்கே வேண்டுமானாலும் திட்டத்தை மாற்றிக்கொள்வான். ஹட்டை நம்பிப் போகிறவனுக்குப் பாதுகாப்பு என்று ஒன்று இருப்பதே ஏழு மைல் தள்ளித்தான், அதனால் வானம் எப்படி இருந்தாலும் முன்னால் போவதுதான் பத்திரம் என்று மனசு சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தக் குரலை நம்பக் கூடாது என்று புத்திக்குத் தெரிகிறது, கால்களுக்குத் தெரிவதில்லை.

ஜெஃபர்சனைத் தாண்டியதும் மேகம் எங்களை விழுங்கியது. மழை மேலிருந்து விழவில்லை, வலது பக்கத்திலிருந்து அடித்தது. அடுத்த பாறைக் குவியல் கண்ணுக்குத் தெரியாதபோது ஒருவர் இருக்கும் குவியலிலேயே நிற்க, மற்றவர் குரல் கேட்கும் தூரத்துக்குள் தேடி, கிடைத்ததும் கூப்பிட வேண்டும். இப்படி எத்தனை குவியல்களைக் கடந்தோம் என்று தெரியாது. எங்கோ, வாஷிங்டன் உச்சிக்கு ஏறும் பல்சக்கர ரயிலான காக் ரயிலின் விசில் மட்டும் கேட்டது, எந்தத் திசையிலிருந்து என்று சொல்ல முடியவில்லை.

கீழே இறங்கும் ஜுவல் பாதை பிரியும் இடத்தில் அக்கா பேசுவதைக் குறைத்துவிட்டதைக் கவனித்தேன். பயமாக இருந்தது. இந்த மலையில் கோடையிலும் குளிரில் செத்திருக்கிறார்கள், மரங்கள் முடியும் இடங்களில் அதை எழுதியே பலகை வைத்திருக்கிறார்கள். "கையுறையைக் கழட்டி உன் ஜிப்பைத் திற" என்றேன். திறந்துவிட்டாள், கொஞ்சம் மெதுவாக, ஆனால் ஒரே தடவையில். விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை என்றால் பேச்சே இல்லாமல் இறங்கியிருப்போம், கார் மலையின் அந்தப் பக்கம் நிற்கிறது என்றாலும். ஒரு பாறைக்குப் பின்னால் குந்தி நனைந்த சட்டையை மாற்ற வைத்து, உள்ளே கம்பளி, வெளியே மழைச் சட்டை, கையிலிருந்த இனிப்பு முழுவதையும் சாப்பிட வைத்தேன். பத்து நிமிடத்தில் என்னைத் திட்ட ஆரம்பித்தாள். அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது.

அதன்பின் வெஸ்ட்சைட் பாதை பிரியும் இடம். நேரே போனால் வாஷிங்டன் உச்சி, இன்னும் சுமார் 800 அடி ஏற்றம். வலப்பக்கம் திரும்பினால் உச்சியைத் தொடாமல் சுற்றிக்கொண்டு ஹட்டுக்கு இறங்கலாம். நான் எதுவும் சொல்லவில்லை. ஆறு மாதம் பழகியவள் அவள்தான்.

அம்புக்குறிப் பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சுத்திப் போயிடலாம்டா" என்றாள்.

ரயில் தண்டவாளத்துக்கு அடியில் குனிந்து போய், 1819-இல் வெட்டிய கிராஃபோர்ட் பாதையில் சேர்ந்தோம். ஐந்து மணிக்கு, முப்பது அடி பக்கத்தில் வரும்வரை தெரியாத ஹட், சட்டென்று ஒரு ஜன்னல் வெளிச்சமாக வந்தது. உள்ளே எல்லோருடைய காலுறையும் எங்கெங்கோ தொங்கிக்கொண்டிருந்தது. அக்கா வாசல் பெஞ்சில் உட்கார்ந்து காலணியைக் கழற்றாமல் ரொம்ப நேரம் இருந்தாள்.

மறுநாளும் உச்சி மேகத்துக்குள்தான் இருந்தது. அம்மோனூசக் பள்ளத்தாக்கு வழியாக, ஈரப் பாறைகளில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினோம். பாதி வழியில் அக்கா கேட்டாள், வழி நெடுக பாறை இடுக்கில் பார்த்தோமே வெள்ளைப் பூ, அதன் பெயர் என்ன என்று. மவுண்டன் சாண்ட்வோர்ட். இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.