வானம் பார்த்த பூமிக்குப் போகும் முன்

ஏழு மாதமாக எருசலேமுக்குப் போய்க்கொண்டிருக்கிறோம். இன்னும் காவிரிக் கடைமடையில் இருக்கும் எங்கள் பொறையாறைத் தாண்டவில்லை.

மொத்தம் பதினெட்டுப் பேர். எகிப்து, யோர்தான், இஸ்ரேல் என்று பத்து நாள் பயணம். அங்கே சண்டை ஓயாததால் இரண்டு முறை தேதி தள்ளிப்போய்விட்டது. முதல் முறை தள்ளிப்போனபோது எல்லோருக்கும் முகம் தொங்கிவிட்டது. எங்கள் ஐயர்தான் (எங்கள் லுத்தரன் சபையில் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம்) "சரி, கிடைச்ச நேரத்துல படிப்போம். படிக்காமப் போனா போட்டோ மட்டும்தான் மிஞ்சும்" என்றார். அன்றிலிருந்து சனிக்கிழமை சாயங்காலம் வகுப்பு. புனிதப் பயணம் என்று பெயர் கொடுத்தவர்கள் எல்லோரும் இந்த வயதில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தோம்.

பாஸ்போர்ட் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இன்ஷியல்தான் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. நாங்கள் அணுகிய டிராவல்ஸில் அப்பா பெயரை என் பெயராகவும் என் பெயரை அப்பா பெயராகவும் போட்டு விண்ணப்பத்தை அனுப்பிவிட்டார்கள். அதைத் திருத்த ஒன்றரை மாதம் அலைந்தேன். தமிழ்நாடு அரசு தரும் 37,000 ரூபாய் மானியத்துக்கும் சிலர் மனு போட்டிருக்கிறார்கள். காகித வேலை இவ்வளவுதான். மற்றதெல்லாம் வயலிலும் கடற்கரையிலும் நடந்தது.

மூன்றாவது வகுப்பை ஐயர் என் மாமாவின் வயலில் வைத்தார். மாமா அம்மாவின் கடைசித் தம்பி. எழுபதைத் தாண்டியவர், மூட்டு வலி. "விமானத்துல உக்காந்தா அப்புறம் என்னை யாரு எழுப்புறது" என்று பயணத்துக்குப் பெயர் கொடுக்கவில்லை. அன்று தோளில் கிடந்த துண்டைக் கரையில் போட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினார். மண்வெட்டி வரப்பிலேயே கிடந்தது. அவர் அதை எடுக்கவில்லை. குதிகாலால் மடையில் இரண்டு மிதி. மண் சரிந்தது, தண்ணீர் ஒரு நொடி தயங்கிவிட்டு வயலுக்குள் நுழைந்தது. போதும் என்று பட்டதும் அதே காலால் சேற்றை இழுத்து, விரல்களை மடக்கி அழுத்தி அடைத்தார். அடைத்த சேற்றில் ஐந்து விரலும் பதிந்திருந்தன.

ஐயர் அப்போதுதான் வேதாகமத்தைத் திறந்தார். உபாகமம் 11-ஆம் அதிகாரம். எகிப்திலிருந்து கூட்டிவந்த இஸ்ரவேல் ஜனங்களிடம், நீங்கள் போகிற கானான் தேசம் விட்டுவந்த எகிப்தைப் போல இராது என்று மோசே சொல்கிற இடம். எகிப்தில் கீரைத்தோட்டத்துக்குப் பாய்ச்சுகிறதுபோல "உன் காலால் நீர்ப்பாய்ச்சி வந்தாய்" என்று வருகிறது. இத்தனை வருடம் வாசித்திருக்கிறேன், அந்தக் காலை நான் கவனித்ததே இல்லை. அடுத்த வசனத்தில், போகப்போகிற தேசம் மலையும் பள்ளத்தாக்குமாக இருக்கும், "வானத்தின் மழைத்தண்ணீரைக் குடிக்கும் தேசம்" என்கிறார்.

மாமா சேற்றுக் காலோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப எகிப்துதான் நம்ம ஊரு. கானான் புதுக்கோட்டைப் பக்கம் மாதிரி வானம் பார்த்த பூமி. ஆத்துப் பாசனத்தை விட்டுட்டு மானாவாரிக்கு எவனாச்சும் போவானா ஐயரே?"

எல்லோரும் சிரித்துவிட்டோம். ஆனால் எனக்கு உள்ளே ஏதோ இடம் மாறியது. பாலும் தேனும் ஓடுகிற தேசம் என்று ஞாயிறு பள்ளியில் கேட்ட நாளிலிருந்து என் மனதில் இருந்தது பச்சை வயலும் தளும்பும் வாய்க்காலும்தான். அந்தத் தேசம் வேறு. பால் என்றால் மேய்ச்சல் காட்டு ஆட்டுப்பால். தேன் பேரீச்சம்பழப் பாகாகவும் இருக்கலாம் என்கிறார்கள் படித்தவர்கள். மே முதல் செப்டம்பர் வரை அங்கே மழை என்பதே அநேகமாகக் கிடையாது. அக்டோபர், நவம்பரில் முன்மாரி வந்து காய்ந்த மண்ணை இளக்கினால்தான் ஏர் இறங்கும். மார்ச், ஏப்ரலில் பின்மாரி வந்தால்தான் கதிரில் மணி முற்றும். "ஆறு இருக்கிறவன் குனிஞ்சு பாத்தாப் போதும். அந்த ஜனங்க வருஷம் தப்பாம நிமிந்துதான் பாக்கணும், கர்த்தர் அவங்களை அங்கதான் கொண்டுபோனார்" என்றார் ஐயர்.

மாமா விடவில்லை. "கடைமடைக்காரன் ரெண்டையும் பாக்குறான் ஐயரே. ஜூன் 12 மேட்டூர் திறந்துட்டான்னு பேப்பர்ல போடுவான். தண்ணி இங்க வர்ற வரைக்கும் நானும் மோசே ஜனந்தான்."

இயேசு சொன்ன விதைக்கிறவன் உவமையிலும் இதே கதை. கற்பாறை நிலத்தில் விழுந்த விதையைப் பற்றிப் பிள்ளைகளுக்கு எத்தனை முறை பாடம் நடத்தியிருப்பேன்! எங்கள் வயலில் ஒரு கல்லைத் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம், வண்டலும் களியும்தான். அங்கே சுண்ணாம்புப் பாறைமேல் நாலு விரற்கடை மண்தான் இருக்கும். மேலே பார்த்தால் நல்ல நிலம் மாதிரிதான் தெரியும். விதைத்தவன் மேல் தப்பில்லை என்று இந்த வயதில் தெரிந்துகொண்டேன்.

ஒரு சனிக்கிழமை வகுப்பைத் தரங்கம்பாடிக் கடற்கரையில் வைத்தோம். எங்கள் குழுவில் மீன்பிடிக்கிற தம்பி ஒருவர் உண்டு. 1986-இல் வறட்சியில் கலிலேயாக் கடலின் நீர்மட்டம் இறங்கியபோது, கரைச் சேற்றில் சகோதரர்கள் இருவர் பழைய படகு ஒன்றைக் கண்டெடுத்தார்கள். முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதைப் பார்க்கப் போகிறோம் என்றதும் தம்பிக்கு ஒரே ஆர்வம். நீளம் சுமார் 27 அடி என்றேன். தன் ஃபைபர் படகைக் கயிறு போட்டு அளந்துவிட்டு, "அக்கா, கிட்டத்தட்ட நம்ம போட்டு அளவுதான்" என்றார். அந்தப் படகைப் பத்துக்கும் மேற்பட்ட வகை மரங்களால் ஒட்டுப்போட்டிருக்கிறார்கள் என்று சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "காசில்லாதவன் படகு அக்கா. கிடைச்ச பலகையை வச்சு அடைச்சே ஓட்டியிருக்கான்" என்றார். இயேசு ஏறிய படகு இதுதான் என்று வழிகாட்டிகள் சொன்னால் நம்ப வேண்டியதில்லை. ஆனால் பேதுருவின் காலத்துப் படகு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தம்பியின் பேச்சிலேயே தெரிந்துவிட்டது.

கலிலேயாக் கடல் என்று நாம் சொல்வது நல்ல தண்ணீர் ஏரிதான். அகலம் 13 கிலோமீட்டர், இங்கிருந்து காரைக்கால் போகிற தூரம். இதில் என்ன பெரிய புயல் என்று தம்பிக்குச் சந்தேகம். அந்த ஏரி கடல் மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் கீழே, சுற்றிலும் மேடு சூழ்ந்த குழியில் கிடக்கிறது. மேலிருந்து காற்று திடீரென்று விழும் என்றார் ஐயர். "மேலேர்ந்து விழுற காத்தா? அப்ப பயந்துதான் ஆகணும்" என்று ஒத்துக்கொண்டார் தம்பி.

எங்களுக்குப் பெரிய கவலை ஏற்றம்தான். டெல்டாக்காரர்களுக்கு மேடு என்றால் ஆற்றுப் பாலம். வேதாகமத்தில் எருசலேமுக்கு எப்போதும் "ஏறி"த்தான் போவார்கள். சங்கீதப் புத்தகத்தில் 120 முதல் 134 வரை பதினைந்து ஆரோகண சங்கீதங்கள், அதாவது ஏறுகிற பாட்டுகள், இருக்கின்றன. எரிகோ கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 250 மீட்டர், எருசலேம் மேலே 750 மீட்டருக்குக் குறையாது. ஆக, நல்ல சமாரியன் கதையில் வரும் அந்த வழியில் 25 கிலோமீட்டருக்குள் ஆயிரம் மீட்டர் ஏற்றம். நாங்கள் பஸ்ஸில்தான் போவோம், அது வேறு விஷயம். ஆனால் 2,285 மீட்டர் சீனாய் மலையை ராத்திரியில் நடந்தேதான் ஏற வேண்டும். பயிற்சிக்கு எங்கே போவது? திருச்சி மலைக்கோட்டைக்குப் போனோம். நானூறுக்கும் மேற்பட்ட படிகள். பிள்ளையார் கோயிலுக்கா என்று ஓரிருவர் முகம் சுளித்தார்கள். ஐயரம்மா யாருக்கும் பதில் சொல்லாமல் முதல் ஆளாக ஏற ஆரம்பித்தார்கள். மேலே நின்று பார்த்தால் காவிரியும் கொள்ளிடமும், நடுவே ஸ்ரீரங்கமும். கொள்ளிடத்தின் அகலத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ஞானஸ்நானம் நடந்த இடத்தில் யோர்தான் நதி வாய்க்கால் மாதிரிதான் தெரியுமாம்.

எருசலேமில் நான் காத்திருப்பது எசேக்கியா ராஜா வெட்டிய சுரங்க வாய்க்காலுக்காக. கீகோன் ஊற்றிலிருந்து சீலோவாம் குளம் வரை பாறைக்குள் 533 மீட்டர். இரண்டு முனையிலிருந்தும் வெட்டி வந்து நடுவில் சந்தித்திருக்கிறார்கள். மொத்த நீளத்துக்கும் வாட்டம் ஓர் அடிதான் என்று மாமாவிடம் சொன்னேன். "ஓர் அடியா? லெவல் பாக்குற மெஷின் இல்லாமலா?" கையிலிருந்த டீயை வைத்துவிட்டு இரண்டாம் தடவை கேட்டார். எந்த அற்புதத்துக்கும் அவர் இப்படி வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை.

போன வாரம் தரங்கம்பாடிப் புதிய எருசலேம் ஆலயத்தில் எங்களுக்காக ஜெபம் வைத்தார்கள். 1718-இல் கட்டியது. 1706 ஜூலை 9 அன்று இந்தக் கரையில் இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டுவிட்டு, பழைய ஏற்பாட்டில் ரூத்தின் புத்தகம் வரை மொழிபெயர்த்தார், 1719-இல் கண்ணை மூடிவிட்டார். இன்று நாம் வாசிக்கிற வேதாகமம் பிறகு பலர் கை பட்டு வந்தது. ஆனாலும் காலால் நீர் பாய்ச்சுகிற வசனத்துக்கு அவர் தமிழ் தேடியபோது, சுற்றுப்பட்டு வயல்களில் யாரோ மடை அடைத்துக்கொண்டுதானே இருந்திருப்பார்கள்? ரூத் பெத்லகேம் வயலில் கதிர் பொறுக்கிய கதையோடு அவர் நின்றது எனக்கு என்னவோ போல் இருந்தது. சின்ன வயதில் அறுப்பு முடிந்த வயலில் நானும் கதிர் பொறுக்கியிருக்கிறேன். இப்போது மெஷின் இறங்கிய வயலில் பொறுக்க என்ன இருக்கிறது?

தஞ்சாவூரில் பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயக சாஸ்திரியாரும் பெத்லகேமைக் கண்ணால் கண்டதில்லை. சீகன்பால்க் கல்லறைப் பக்கத்தில் முழங்காலில் நின்றபோது, இவர்கள் யாரும் போகாத ஊருக்கு நான் போகிறேனே என்று கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது.

நவம்பரில் டிக்கெட். ஸ்வெட்டர் வாங்கியாயிற்று, வீட்டில் அதைக் காட்சிப் பொருள் மாதிரி பார்க்கிறார்கள். எலுமிச்சை ஊறுகாய், புளிக்காய்ச்சல், மூட்டு வலித் தைலம். பக்கத்து வீட்டு அக்கா யோர்தான் தண்ணீர் கேட்டிருக்கிறார்கள், காலி பாட்டில் ஒன்றும் கொடுத்திருக்கிறார்கள்.

மாமாவிடம் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். சம்பா நாற்றுக்கு மடை பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பவில்லை.

"ஒண்ணும் வேணாம் பாப்பா. அங்க முன்மாரி இறங்குனா ஒரு போன் போடு. இங்க பெய்யுதா இல்லையான்னு நான் சொல்றேன்."