"பையன் நல்லாத்தானே இருக்கான்?"

குழந்தைப் புற்றுநோய்க்கான தொண்டு நிறுவனம் ஒன்றில், குடும்ப ஆதரவுப் பிரிவில் இருக்கிறேன். ஒரு பதிவேடும் ஒரு போனும்தான் என் வேலையில் பெரும்பங்கு. கீமோவுக்கு வரவேண்டிய நாளில் வராத குழந்தையின் பெயரைச் சிவப்பு மையில் சுழித்துவைப்போம். மாலைக்குள் அந்த வீட்டாரிடம் பேசிவிட வேண்டும்.

பெரும்பாலும் அப்பாதான் எடுப்பார். "பையன் நல்லாத்தானே இருக்கான் மேடம், ஓடி விளையாடுறான். இன்னும் எதுக்கு ஊசி?"

நியாயமான கேள்விதான். குழந்தைகளுக்கு அதிகம் வரும் ஏ.எல்.எல். வகை ரத்தப் புற்றுநோயில், முதல் மாதச் சிகிச்சை முடிவதற்குள்ளேயே பெரும்பாலோருக்கு நோய் அடங்கிவிடும். எலும்பு மஜ்ஜையை நுண்ணோக்கியில் பார்த்தாலும் புற்றணுக்கள் தட்டுப்படாது. பசி திரும்பும், சேட்டை திரும்பும். சிகிச்சை மட்டும் இரண்டு மூன்று வருடம் நீளும். ஒளிந்திருக்கும் மிச்ச அணுக்களை அப்படியே விட்டால் நோய் திரும்பிவிடும். திரும்பிய நோயை அடக்குவது மிகக் கடினம். இதையெல்லாம் டாக்டர் முன்பே சொல்லியிருப்பார், அப்பாவும் தலையாட்டியிருப்பார். இன்னும் கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால்தான் விஷயம் வெளியே வரும். லீவு போட்டுப் போட்டு வேலை போய்விட்டது. கடன் கேட்க இனி ஆளில்லை. சொந்தக்காரர் வீட்டில் விட்டுவந்த மூத்தவள் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டாள்.

அவருக்கு அப்போது தேவை பயணச் செலவும், மருத்துவமனைப் பக்கத்தில் தங்க ஓர் அறையும், மூத்தவளின் படிப்புக்குக் கொஞ்சம் உதவியும். இதற்குப் பணம் திரட்டுவதுதான் சிரமம். "மருந்துக்கு மட்டும்", "ஆய்வுக்கு மட்டும்" என்று எழுதித் தருகிறவர்களே அதிகம். பஸ் டிக்கெட்டில் கொடையாளர் பெயரைப் பொறிக்க முடியாதே!

ஆய்வுக்குக் கொடுப்பதை நான் குறைசொல்லவில்லை. அமெரிக்காவின் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர், மருந்தால் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயைத் தற்காலிகமாகவேனும் அடக்கிக் காட்டிய 1948-இல்தான், பொதுமக்களிடம் நிதி திரட்ட ஜிம்மி ஃபண்டும் தொடங்கியது. 1962-இல் அதே நாட்டில் திறந்த செயின்ட் ஜூட் குழந்தைகள் மருத்துவமனை, இன்றுவரை நன்கொடையை நம்பித்தான் சிகிச்சையையும் ஆய்வையும் சேர்த்து நடத்துகிறது. குடும்பங்களுக்கு அங்கே பில் கிடையாது. ஆனால், பணக்கார நாடுகளில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் 80 சதவீதத்துக்கு மேல் குணமாகிறார்கள் என்றும், பல ஏழை நாடுகளில் 30 சதவீதம்கூட இல்லை என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நோயைத் தாமதமாகக் கண்டுபிடிப்பது, மருந்து கிடைக்காதது ஆகியவற்றோடு, சிகிச்சையைப் பாதியில் விடுவதையும் அது காரணமாகச் சேர்க்கிறது. என் சிவப்புச் சுழிகள் அந்தக் கடைசிக் காரணத்தில் அடங்கும்.

தங்குமிடத்தின் அருமையைச் சிலர் அனுபவித்தே உணர்ந்தார்கள். அமெரிக்கக் கால்பந்து வீரர் ஒருவரின் மகளுக்கு ரத்தப் புற்றுநோய் வர, மருத்துவமனை நாற்காலிகளிலேயே இரவைக் கழித்த பெற்றோர்களை அவர் பார்த்தார். அதிலிருந்து எழுந்ததுதான் சிகிச்சைக்கு வரும் குழந்தைகளின் குடும்பங்கள் தங்குவதற்காக 1974-இல் பிலடெல்ஃபியாவில் திறந்த முதல் ரொனால்டு மெக்டொனால்டு இல்லம்.

எங்கள் கொடையாளர்கள் கேட்பது, "எத்தனை பேர் குணமானாங்க?" என்றுதான். பாதியில் நின்றவர் எத்தனை பேர், அவர்களில் திரும்ப வந்தவர் எத்தனை பேர் என்ற கணக்கை ஆண்டறிக்கையின் முதல் பக்கத்தில் போடச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். இந்த வருடமும் அது கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில்தான் வந்திருக்கிறது.